பழைய கட்டடத்திற்குப் புதிய அடையாளம்

பழைமையான தொழிற்சாலையோ அலுவலகமோ புதுப்பிக்கப்படும்போது, அதற்குப் பெயர், சின்னம், பெயர்ப்பலகை ஆகியவை தேவைப்படுகின்றன. இவை யாவும் சேர்ந்ததே அக்கட்டடத்தின் வணிக அடையாளம். அது எவ்வாறு உருவாகின்றது என்பதை, ரொறன்ரோ நகர மையத்திலுள்ள கட்டடமொன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் விளக்குகின்றது.

ரிச்மண்ட் வீதி மேற்கில் 401ஆம் இலக்கக் கட்டடம் 1899 முதல் பல கட்டங்களாக எழுப்பப்பட்டது. மக்டொனால்ட் உற்பத்தி நிறுவனம் அங்கு தகரத்தின்மீது படங்களும் எழுத்துகளும் அச்சிடும் தொழிலை நடத்தியது. 1994இல் மார்கரெட் சைட்லர் அதனைப் பொறுப்பேற்றுப் புதுப்பித்தார். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள், கலைக்கூடங்கள், சிறு நிறுவனங்கள் அங்கே இயங்குகின்றன.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று.

1. பெயர்: இக்கட்டடத்திற்கு ஆடம்பரமான புதுப்பெயர் சூட்டப்படவில்லை. முகவரியே பெயராயிற்று. பெயரை அறிந்தவர் வழியையும் அறிவார்.

2. உருவம்: செங்கற்சுவரும் மரத்தூண்களும் மறைக்கப்படவில்லை. கட்டடத்தில் ஏற்கெனவே உள்ளதே சின்னத்திற்கும் நிறத்திற்கும் தக்க ஊற்று.

3. மக்கள்: வாடகைக்கு இருப்போரின் தொழிலே கட்டடத்திற்குப் புகழ் தேடித் தருகின்றது. ஆயினும் சுற்றுப்புறத்தின் நிலமதிப்பு உயர, சொத்துவரியும் உயர்ந்தது. அச்சுமை வாடகையாளர்மீது விழுந்து, அவர்கள் வெளியேற நேருமோ என்ற அச்சம் எழுந்தது. இதனையடுத்து 2018இல் இத்தகைய படைப்புத்துறைக் கூட்டிடங்களுக்கெனத் தனி வரிப்பிரிவு உருவாக்கப்பட்டது. சிறு தொழில்கள் அகன்றிருப்பின் பெயர்ப்பலகை மட்டுமே நிலைத்திருக்கும்.

காக்கப்படாத கட்டடத்தின் நிலையை ரூஜ் வாசிகள் தொலைவு செல்லாமலே காணலாம். நகர மையத்திலிருந்த ரொறன்ரோ வங்கித் தலைமையகம் 1966இல் இடிக்கப்பட்டது. அதன் பளிங்குத் தூண்களும் வளைவுகளும் ஸ்காபரோவின் கில்ட் பூங்காவில் திறந்தவெளி அரங்காக நிற்கின்றன. அழகு எஞ்சியது, அங்கு நடந்த அலுவல் எஞ்சவில்லை.

பழைய கட்டடத்தில் கடையோ அலுவலகமோ திறக்க எண்ணுவோர், பெயர்ப்பலகைக்குப் பணம் செலவிடுமுன் இரண்டைக் கவனித்தல் வேண்டும். கட்டடம் நகரின் மரபுரிமைப் பதிவேட்டில் உள்ளதா என்பதை முதலில் அறிக. ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புப் பெற்ற கட்டடமாயின், அதன் சிறப்புக் கூறுகளைப் பாதிக்கும் மாற்றங்களுக்கு நகரின் இசைவு பெறுதல் அவசியம். பெயர்ப்பலகைக்குரிய அனுமதி பற்றியும் விசாரித்தல் வேண்டும். 311 என்ற இலக்கத்தை அழைத்து இவை குறித்து வினவலாம்.

பயிற்சி: உங்கள் பகுதியிலுள்ள பழைய கட்டடமொன்றைத் தெரிவுசெய்க. அது முன்பு எதற்குப் பயன்பட்டது, இன்று யாருக்குப் பயன்படுகின்றது, எந்தப் பெயரால் அயலவர் அதனைச் சுட்டுகின்றனர் என்பவற்றை எழுதுக. மூன்று விடைகளுக்கும் பொருந்தும் பெயரே அக்கட்டடத்திற்குத் தகுந்த பெயராகும்.