காற்றறிந்து அமர்தல்

மலையில் மானை வேட்டையாடியோர் கருவிக்கு முன் இடத்தைத் தேர்ந்தனர். சமவெளியில் விலங்கைத் தொலைவிலேயே காணலாம். மலையிலோ ஒரு பாறையோ புதரோ அதனை மறைத்துவிடும். அன்றியும், கடமான் கண்ணைவிட மூக்கையும் செவியையும் மிகுதியாக நம்பி வாழ்வது. மனித வாடை பட்ட கணமே அது விலகிவிடும். ஆகவே, இடத்தைத் தேர்வது பெரும்பாலும் காற்றைத் தேர்வதேயாகும்.

மலைக்காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகும். அதனைத் தொட்ட காற்றும் சூடேறி மேல்நோக்கி எழும். மாலையில் சரிவு குளிர, குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். எனவே, வெயிலேறிய பின் விலங்கின் தடத்திற்கு மேற்புறமும், அந்திக்குப் பின் கீழ்ப்புறமும் அமர்வது முறை. காற்று திசைமாறும் இடைப்பொழுதுதான் இடர்மிக்கது. ஒரு பிடி புழுதியைத் தூவிப் பார்த்து அமர்ந்தவனும் அப்போது ஏமாறுவான்.

அடுத்தது தடம். கடமான் பெரும்பாலும் இரவில் மேயும். பகலில் அடர்நிழலில் படுக்கும். மலை எத்துணைப் பெரிதாயினும் அது எளிய வழியையே நாடும். இரு முகடுகளுக்கு இடையே தாழ்ந்த கணவாய், நீர்த்துறை, உப்புச்சுவைக்காக நக்கும் உவர்மண் நிலம் ஆகியவற்றில் தடங்கள் ஒன்றுகூடும்.

இவ்வறிவு பழமையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகள் நுழையும் வழிகளில் குறவர் கற்பொறிகளை அமைத்திருந்ததைக் கூறுகிறது. அவ்வழியில் இரவில் செல்லாது, விடிந்தபின் செல்லுமாறு கூத்தரை எச்சரிக்கவும் செய்கிறது. பொறி இருக்கும் இடத்தை வழிப்போக்கரும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் அக்கறை குறிப்பிடத்தக்கது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் இந்தியாவில் மான் வேட்டை குற்றமாயிற்று. ஆயினும், இடமறியும் அறிவு பயனற்றுப் போகவில்லை. விலங்குகளைக் கணக்கிடத் தானியங்கி ஒளிப்படக் கருவியை மரத்தில் கட்ட வருவோரும் அதே கணவாயையும் நீர்த்துறையையுமே தேடுகின்றனர். களவாக வேட்டையாடுவோர் சுருக்குக் கம்பியை மறைத்து வைப்பதும் அத்தடங்களில்தான். கம்பி காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. சினைமானையும் குட்டியையும் பிரித்தறிவதும் இல்லை. அதனால் வனக் காவலர்கள் அத்தடங்களின் இருமருங்கும் சருகை விலக்கி, புதர்களின் அடியில் குனிந்து தேடியவாறே நடக்கின்றனர்.