வடகிழக்குப் பருவமழை: பழைய 1.3 டீசல் கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. சென்ற பருவத்தில் பணிமனைக்கு இழுத்துவரப்பட்ட டீசல் கார்களைப் பார்த்த பிறகு, இந்த ஆண்டு அறிவிப்பை முன்கூட்டியே வெளியிடுகிறோம். அவற்றில் பல வண்டிகளை நின்றதும் அப்படியே விட்டிருந்தால் சிறு செலவில் தேறியிருக்கும். நின்றுபோன பிறகு செல்ஃப் அடித்துப் பார்த்ததால்தான் எஞ்சினை இறக்க வேண்டி வந்தது.

யாருக்கு இந்த அறிவிப்பு?

மாருதியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட், ஃபியட்டில் மல்டிஜெட். பெயர் மூன்றானாலும் எஞ்சின் ஒன்றுதான்: ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், பழைய எர்டிகா, இண்டிகா விஸ்டா, மான்ஸா, புன்டோ, லீனியா எல்லாவற்றிலும் இதுவே ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததோடு மாருதி டீசலைக் கைவிட்டது. ஆகவே உங்கள் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எஞ்சின் பழையதுதான்.

நான்கு சிலிண்டர், 16 வால்வு, காமன் ரயில், டர்போ. சாதாரண டர்போ உள்ளது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவை தரும். வேரியபிள் டர்போ உள்ளது சுமார் 90 குதிரைத்திறன். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அழுத்த விகிதம் சுமார் 17.6-க்கு 1. இந்தக் கடைசி எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

மழைக்கு முன் முடிக்க வேண்டியவை

1. டீசல் ஃபில்டர்: கெடு நெருங்கியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். ஃபில்டர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அன்றைக்கே பாருங்கள். மழைக்காலத்தில் பங்க்கின் தரைத்தொட்டியிலும் தண்ணீர் இறங்கலாம். ஹைபிரஷர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழவழப்புத் தருவது டீசல்தான். அதில் தண்ணீர் கலந்தால் துருவும் தேய்மானமும் நிச்சயம்.

2. ஆயில்: வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் எடுத்துப் பாருங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் ராக்கர், வால்வு, பிஸ்டன் எல்லாம் அடிவாங்கும்.

3. இஜிஆர் வால்வு: ஐடிலிங்கில் தடுமாற்றம், கறுப்புப் புகை, மந்தமான இழுவை இருந்தால் கரி அடைத்திருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

4. டர்போ ஹோஸ்: வெடிப்பு, தளர்ந்த கிளிப். மேடு ஏறும்போது ‘உஸ்’ என்று காற்று போகும் சத்தம் வந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

5. இன்ஜெக்டர் அடிவாஷர்: இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்புப் படிவு, ‘சக் சக்’ சத்தம், வண்டிக்குள் புகைவாடை. வாஷர் மாற்றுவது சின்ன வேலை. விட்டுவைத்தால் இன்ஜெக்டரைப் பிடுங்குவதே பெரிய வேலையாகிவிடும்.

6. பேட்டரி, வைப்பர், டயர், பிரேக், விளக்குகள்: சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது

தண்ணீரில் நின்றுபோன டீசல் காருக்குச் செல்ஃப் அடிக்காதீர்கள்.

காரணம் தெரிந்தால்தான் சிலர் கேட்பார்கள். ஆகவே கணக்கைப் பாருங்கள். 1,248 சிசியை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 312. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அழுத்த விகிதப்படி மிஞ்சும் இடம் 19 மில்லிக்கும் குறைவு. காற்று அதற்குள் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. நான்கு தேக்கரண்டித் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டன் மேலே வர வழியில்லை. தள்ளும் விசை முழுவதும் கனெக்டிங் ராடில் இறங்கும், ராட் வளையும். சில சமயம் வளைந்த ராடோடு வண்டி ஓடவும் செய்யும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் ராட் முறிந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

பெட்ரோல் வண்டியில் தீப்பொறி அமைப்பு நனைந்தால் எஞ்சின் முன்னதாகவே நின்றுவிடுவதுண்டு. டீசலில் தீப்பொறியே இல்லை. நனைந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீரை விழுங்கும் வரை. ‘டீசல் வண்டி, தண்ணீரில் தைரியமாகப் போகலாம்’ என்று யாராவது சொன்னால் அவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

போனட்டைத் திறந்து, காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏற வேண்டியதில்லை. எதிரே வரும் பேருந்து கிளப்பும் அலை போதும். சக்கரத்தின் மையத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் திரும்பிவிடுங்கள். சென்னையின் கணேசபுரம், துரைசாமி சுரங்கப்பாதைகளில் தடுப்பு வைத்திருந்தால், அதை நகர்த்திவிட்டு நுழையும் சாமர்த்தியம் வேண்டாம். குறைந்த தண்ணீரில் போயே ஆகவேண்டும் என்றால்: ஏசி அணைத்து, முதல் கியரில், ஒரே சீராக, முன்வண்டி கரையேறிய பிறகு.

நின்றுவிட்டதா? வரிசையாகச் செய்யுங்கள்:

சாவியை அணையுங்கள். நியூட்ரல் போட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரெக்கவரி வண்டியை அழையுங்கள். அவ்வளவுதான்.

‘ஒரே ஒரு தடவை’ செல்ஃப் அடித்துப் பார்க்கக் கூடாது. நாலு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விடவும் கூடாது; அதுவும் ராடை அதே மாதிரிதான் வளைக்கும். மறுநாள் வெயிலில் காய்ந்ததென்று நினைத்தும் கூடாது. சிலிண்டருக்குள் வெயில் போகாது. படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்பதே எரிச்சல்.

மெக்கானிக்கும் கவனிக்கட்டும்: முதலில் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா பாருங்கள். டர்போ ஹோஸ், இன்டர்கூலர் இருந்தால் அதையும் வடியுங்கள். க்ளோ பிளக்குகளைக் கழற்றுங்கள். பழைய எஞ்சினில் அவை இறுகியிருக்கும். அவசரப்பட்டால் உடைந்து ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால் நிறமாயிருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கம்ப்ரெஷன் பார்க்காமல் வண்டியை ஒப்படைக்காதீர்கள்.

நிறுத்துமிடம்: 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தியவர்களைப் பலர் கேலி செய்தார்கள். மேம்பாலத்தில் நிறுத்தினால் போக்குவரத்துக்கு இடைஞ்சல்தான். ஆனால் மழைக்கு முன் மேடு தேடிய புத்தி சரியானது. அடித்தளப் பார்க்கிங்கில் நிறுத்துவோர் இப்போதே மாற்று இடம் பேசிவைக்கவும்.

காப்பீடு: தண்ணீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் வந்த சேதத்தைச் சாதாரண பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுப்பிக்கும்போது கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் வேறு யார் வண்டி எடுக்கிறார்களோ, மகனோ மருமகளோ டிரைவரோ, அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். ரெக்கவரி எண்ணை அவர்கள் போனிலும் ஏற்றிக் கொடுங்கள். தண்ணீரில் நின்ற டீசல் காருக்குச் செல்ஃப் அடிக்கக் கூடாது என்று அவர்கள் வாயாலேயே ஒருமுறை சொல்ல வையுங்கள்.