லினக்ஸ் கணினியில் வட்டு ஏற்றமுறாமை: காரணங்களும் பரிகாரங்களும்

மண் பரிசோதனைக் குறிப்புகளையோ மாணவர் மதிப்பெண்களையோ தாங்கிய வட்டினைக் கணினியில் செருகியும் அது திறவாதிருத்தல் உண்டு. அவ்வேளையில் பதற்றமுற்று வட்டினை ஃபார்மட் செய்துவிடின், பல மாத உழைப்பு அழிந்துபடும். பெரும்பாலும் தரவுகள் கெடாமலே இருக்கும், ஏற்றமே தடைப்பட்டிருக்கும். வட்டிலுள்ள கோப்பமைப்பை ஒரு கோப்புறையுடன் இணைத்தலே ஏற்றம், அதாவது மவுண்ட், எனப்படும். தடை எங்கே என்பதைக் கீழ்க்காணும் வரிசையில் ஆராய்க.

1. வன்பொருள்: முனையத்தில் எல், எஸ், பி, எல், கே என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துக்களை இடைவெளியின்றி இடுக. வரும் பட்டியலில் வட்டு இல்லையெனில், கம்பியையும் செருகுதுளையையும் மாற்றிப் பார்க்க.

2. பிழைச் செய்திகள்: நிர்வாகி உரிமையுடன் டிமெசெக் கட்டளையை இட்டு, இறுதி வரிகளைப் படிக்க. உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைகள் மீண்டும் மீண்டும் தோன்றின், வட்டு நலிவுற்றிருக்கலாம். பழுதுநீக்கும் முயற்சியை நிறுத்தி, டிடிரெஸ்கியூ என்னும் மென்பொருளால் வேறொரு நல்ல வட்டில் முழுப் பிரதி எடுத்து, அப்பிரதியிலேயே மேற்கொண்டு முயல்க.

3. கோப்பமைப்பின் வகை: முற்கூறிய ஐந்தெழுத்துக் கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, சிறுகோடும் சிற்றெழுத்து எஃப்-உம் சேர்ப்பின் வகை தெரியும். எக்ஸ்ஃபேட் இயக்கி லினக்ஸ் உட்கருவின் 5.4 பதிப்பில் 2019-இலும், என்டிஎஃப்எஸ்3 இயக்கி 5.15 பதிப்பில் 2021-இலும் சேர்ந்தன. அவற்றிற்கு முந்திய பதிப்புகளில் அவ்வகைகளுக்குத் தனி மென்பொருள் தேவைப்படலாம்.

4. முறைப்படி மூடாமை: விண்டோஸ் கணினியிலிருந்து திடீரெனப் பிடுங்கிய வட்டிலும், விரைவுத் தொடக்க வசதியால் முற்றிலும் மூடப்படாத வட்டிலும் ‘தூய்மையற்றது’ என்னும் குறி நின்றுவிடும். அத்தகைய வட்டை லினக்ஸ் ஏற்க மறுக்கலாம். அல்லது படிப்பதற்கு மட்டுமே திறக்கலாம். அதனை விண்டோஸ் கணினியிலேயே சோதித்துச் சீர்செய்து, முறைப்படி விடுவித்தல் நலம். எக்ஸ்ட்4 வகை வட்டாயின் எஃப்எஸ்சிகே கட்டளை உதவும். ஆயின் ஏற்றமுற்ற வட்டின்மீது அதனை ஒருபோதும் இயக்கலாகாது.

5. எஃப்எஸ்டேப் பதிவு: கணினி தொடங்கும்போதே அவசர நிலையில் நின்றுவிடின், இக்கோப்பிலுள்ள பதிவு பிழையாயிருக்கலாம். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற வட்டுப் பெயர்கள் மாறக்கூடியவை. ஆகவே யூயூஐடி என்னும் அடையாள எண்ணையே எழுதுக. கழற்றி மாட்டும் வட்டுகளுக்கு ‘நோஃபெயில்’ என்னும் குறிப்பையும் சேர்ப்பின், வட்டு இல்லாதபோதும் கணினி இயங்கத் தொடங்கும்.

தரவுகளின் பிரதி வேறோரிடத்தில் உளதென உறுதி பெறாதவரை ஃபார்மட் செய்தல் கூடாது. பிரதி முன்னும் பழுதுநீக்கம் பின்னும் என்னும் ஒழுங்கை ஊழியர் யாவரும் கைக்கொள்வாராக.