துன்பமும் திருவருளும்

கடவுள் எல்லாம் வல்லவர், பேரருளுடையவர். அங்ஙனமாகவும் உலகிலே துன்பம் மலிந்து கிடக்கின்றது. அவர் அதனை நீக்கமாட்டாராயின் வல்லமை குறைவுபடும். நீக்க வல்லராயிருந்தும் நீக்காராயின் அருள் குறைவுபடும். ஆதலிற் கடவுள் இலர் என்பர் சிலர். மேலைநாட்டார் இவ்வினாவைக் கிரேக்க ஞானியாகிய எபிகூரர்மேல் ஏற்றி வழங்குவர். சைவராகிய நாம் இதனைக் கேட்டு அஞ்சவேண்டுவதில்லை. ஆராயாது தள்ளுவதும் முறையன்று.

இது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. 1755 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1 ஆந் திகதி, போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரத்திலே, மக்கள் திருநாள் வழிபாட்டுக்காகத் தேவாலயங்களிற் கூடியிருந்தபொழுது பூமி அதிர்ந்தது, கடல் பொங்கியது, தீயும் பரந்தது. இருத்தற்கியன்ற உலகங்களுள் இதுவே சிறந்தது என்ற லைபினிட்ஸ் என்னும் ஜெர்மானிய ஞானியின் கொள்கையை, 1759 இல் வெளிவந்த ‘கந்தீது’ என்னுங் கதையிலே வோல்த்தேயர் எள்ளி நகையாடினார். நம் இலங்கையிலும் 2004 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26 ஆந் திகதி, பூரணை நாளிலே, சுமாத்திராவின் அருகே கடலின்கீழ் நிகழ்ந்த பூமியதிர்ச்சியால் எழுந்த ஆழிப்பேரலை 30,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. முல்லைத்தீவிலும் வடமராட்சியிலும் மட்டக்களப்பிலும் மக்களைப் பறிகொடுத்தோர் நெஞ்சில் எழுந்த வினாவும் இதுவே. இதற்கு விடை கூறாத சமயம் யாருக்கு உதவும்?

வினாவின் உள்ளே ஒரு கோட்பாடு மறைந்து கிடக்கின்றது. கடவுள் உயிர்களை இன்மையினின்று தோற்றுவித்தார் என்பதே அது. அங்ஙனமாயின் உயிரின் குறை ஒவ்வொன்றும் தோற்றுவித்தவர்மேலே சாரும். சைவசித்தாந்தம் அதனைக் கொள்ளாது. பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி. ஆணவமலமானது, செம்பிற் களிம்புபோல, உயிரை அநாதியே பற்றி நிற்கின்றது. இறைவன் அதனை உண்டாக்கினாரல்லர். அதனை நீக்குதற்பொருட்டே, மாயையினின்றும் தனு கரண புவன போகங்களை உயிர்க்குக் கூட்டுகின்றார். ஆகவே படைப்பு நோயன்று, மருந்து என்க.

அற்றேல், வல்லவராகிய இறைவன் அம்மலத்தை ஒரு கணத்திலே நீக்காதது என்னையெனின், கூறுதும். புளியங்காயின் ஓடு சதையோடு ஒட்டி நிற்கும். அதனை உரிக்கப் புகின் சதையும் சிதையும். பழுத்தபின் ஓடு தானே கழலும். மலபரிபாகமும் அத்தகையது. அன்றியும், உயிர் சடமன்று, அறிவுடைப் பொருள். ஆசிரியர் எத்துணை வல்லரேனும், மாணாக்கன் அறியவேண்டியதை அவனுக்காகத் தாமே அறிந்து முடித்தல் கூடாது. முடிப்பின் கற்றவன் அவனாகான். இது ஆசிரியருக்கு இழுக்கன்று, கல்வியின் இயல்பு.

பூமியதிர்ச்சி நிலத்தட்டுக்களின் அசைவினாலே வருவதன்றோ, அங்கே கன்மத்துக்கு இடம் யாது எனின், அதுவும் பொருந்தும் என்க. பூதங்கள் வாயிலாக வருந் துன்பத்தை ஆதிபௌதிகம் என நம் முன்னோர் வகுத்தனர். வாயில் வேறு, வினை வேறு. பூதநூலார் வாயிலை ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சியைச் சைவர் வெறுத்தல் தகாது. கன்மமும் சடமாதலின் தானே பயன் கொடாது. அறிந்து கூட்டுவார் ஒருவர் வேண்டும். முதற் கன்மம் எதனால் வந்தது எனின், வித்தும் மரமும்போலக் கன்மம் தொடர்ச்சியால் அநாதி. அதற்கு வேராய் நிற்பது ஆணவம்.

இனி, நாம் மிக விழிப்பாயிருக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. மகவை இழந்து அழுபவளை நோக்கி, “எல்லாம் உன் வினை” என்று சொல்லிப் போவார் உளர். அவர் சித்தாந்தம் கூறினாரல்லர், அதனைப் பழித்தவராவர். ஒருவர் வினையின் அளவை அறிபவர் இறைவர் ஒருவரே. அறியாத ஒன்றைக்கொண்டு பிறர்மேல் தீர்ப்புச் சொல்லுதல் ஆணவத்தின் தொழிலாம். வினைக்கொள்கை நம்மை நாம் ஆராய்தற்கு அமைந்தது. பிறரைக் குற்றஞ்சாட்டுதற்கு அமைந்ததன்று.

பெரியபுராணத்தை நோக்குக. சூலைநோயால் வருந்தி வந்த மருணீக்கியாருக்கு அந்நோய் வந்த காரணத்தைத் திலகவதியார் அறிவார். அறிந்திருந்தும் தம்பியாரை இகழ்ந்து துரத்தினாரல்லர். திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபொழுது, சம்பந்தரும் அப்பரும் அதனை ஊரவர் வினையென்று விட்டிருந்தாரல்லர்; இறைவர்பாற் காசு பெற்று அடியார்களுக்கு அமுதளித்தனர். துன்பம் வினைவழி வருமாயின், அதனைத் துடைக்கும் கையும் திருவருள்வழி வருவதேயாம். உதவாதிருத்தலும் ஒரு வினை. அதன் பயன் உதவாதவரையே சாரும்.

இவ்விடை துயரை இல்லையெனச் செய்யாது. துயருற்றாரிடத்துத் தர்க்கம் பேசுதல் முன்செய்யத்தக்கதன்று. அருகிருத்தலும் உணவும் உறையுளும் அளித்தலுமே முன்செய்யத்தக்கன. இறைவர் கொடியர் என்னும் கலக்கத்தை நீக்குதலே இவ்விடையின் பயன். நஞ்சை உலகுக்கு விடாது தாமே உண்டு கண்டத்தில் அமைத்த நீலகண்டரை வழிபடுவோமாகிய நாம், அயலார் துன்பத்தைக் கண்டு விலகி நிற்றல் எவ்வாற்றானும் பொருந்தாது. சைவ நன்மக்கள் இதனைச் சிந்தித்து, ஒழுக்கத்திற் காட்டுவார்களாக. திருவருள் துணைசெய்க.