வழக்குப் பல, மொழி ஒன்று

மொழி ஒன்றாயினும் வட்டாரந்தோறும் வழக்கு வேறுபடும். யாழ்ப்பாணத்திற் 'பேசினார்' என்பது பெரும்பாலும் 'ஏசினார்' எனப் பொருள்படும். உரையாடுதலை அங்கே 'கதைத்தல்' என்பர். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலோ பேசுதல் உரையாடுதலே. "ஆசிரியர் பேசினார்" என்று தோட்டத்துச் சிறுவன் மகிழ்வதைக் கேட்டு, வடபுலத்து ஆசிரியர் திகைத்தல் கூடும். திகைப்பதிற் குற்றமில்லை, நகைப்பதே குற்றம். நகைக்கு அஞ்சிய மாணவன் வாய் திறவான்.

நோர்வேயிலும் வட்டாரப் பேச்சுப் பலவாம். தொடக்கப் பாடசாலைகளில் இயன்றவரை மாணவரின் சொந்தப் பேச்சிலேயே கற்பித்தல் வேண்டுமென அந்நாட்டுப் பாராளுமன்றம் 1878இல் தீர்மானித்தது. தொல்காப்பியரும் திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகக் கொண்டார். அவர் விலக்காததை நாம் வகுப்பறையில் விலக்கலாமோ? ஆசிரியப் பணி ஏற்கும் நம் பழைய மாணவர், குழந்தையின் தமிழைப் படியாகக் கொண்டே செந்தமிழுக்கு ஏற்றுவாராக.