வீட்டிலிருக்கும் தம்பியையும் விசாரிப்போம்

“தம்பி கூப்பிட்டாத் திரும்பியே பார்க்க மாட்டேங்கிறான், டீச்சர்.” ஜேடர்பாளையத்தில் என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்த மாணவி ஒருநாள் சொன்னாள். தம்பிக்கு ஒன்றரை வயது. அம்மாவிடம் கேட்டேன். “அவங்கப்பாவும் நாலு வயசுலதானுங்க டீச்சர் பேசினாரு” என்றார்.

அங்கன்வாடியில் மருத்துவக் குழு எழுதிக் கொடுத்த பரிந்துரைச் சீட்டு வீட்டிலேயே இருந்தது. பெற்றோர் இருவரும் வெல்ல ஆலைக் கொட்டகையில் வேலை செய்பவர்கள். நாமக்கல் போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடும். அதைவிடப் பெரிய தடை, ‘ஊமை’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

என்ன சேவை இருக்கிறது?

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பரிசோதிக்கிறது. ஐயம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறது. அங்கு மருத்துவப் பரிசோதனை, இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

மொழிக்கான அடித்தளம் முதல் 3 ஆண்டுகளில் வேகமாக அமைகிறது. அந்தக் காலம் ஒலியில்லாமல் கழிந்தால் பின்னர் ஈடுகட்டுவது கடினம். பயிற்சி மையத்தில் நடப்பது சில மணி நேரம்தான். மீதி நேரம் குழந்தை வீட்டில் இருக்கிறது. அதனால்தான் 1969இல் சென்னையில் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத சிறு குழந்தைகளோடு தாய்மார்களையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறது.

நாம் கேட்கக்கூடிய கேள்விகள்

• 9 மாதம்: பிடிமானமின்றி உட்காருகிறதா?
• 12 மாதம்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா?
• 18 மாதம்: தனியாக நடக்கிறதா? ஓரிரு சொற்கள் சொல்கிறதா?
• 24 மாதம்: ‘அம்மா வா’ என்பதுபோல் இரு சொற்களைச் சேர்க்கிறதா?

‘இல்லை’ என்ற பதில் குறைபாட்டுக்குச் சான்றாகாது; பரிசோதிக்கத் தகுந்த காரணம், அவ்வளவே. முடிவை மருத்துவர் சொல்லட்டும்.

அந்த வீட்டுக்கு இரண்டு முறை போனேன். பாட்டியைச் சம்மதிக்க வைத்த பிறகே தாய் கிளம்பினார். ஆலை ஓடாத ஒரு நாளில் நானும் உடன் சென்றேன். கேட்புக் குறைபாடு உறுதியானது. காது கேட்கும் கருவி பொருத்தினார்கள். இப்போது அழைத்தால் திரும்புகிறான். பேச்சு இன்னும் வரவில்லை. தாய் தினமும் பயிற்சி தருகிறார்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் கேளுங்கள்: “வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? எப்படி இருக்கிறது?” தயங்கும் குடும்பத்தை வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரிடம் நீங்களே அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். சீட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது. கூட ஒருவர் வந்தால்தான் பல தாய்மார்களுக்குப் படியேறத் துணிவு வருகிறது.