உழவு இயந்திரம் கிளம்பாதபோது

மாரி மழை பெய்து நிலம் பதப்படும் நாளில் உழவு இயந்திரம் கிளம்பாவிடின் விதைப்புப் பிந்திவிடும். நயினாதீவுக் கமக்காரர் திருத்துநரைக் குறிகட்டுவானிலிருந்து படகேற்றியே அழைத்தல் வேண்டும். எனவே பற்றரியைக் கழற்றி நகருக்கு அனுப்புமுன் இச்சோதனையைச் செய்க.

கியரை நடுநிலையில் வைத்து, முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புக. வெளிச்சம் குன்றாமலே ஸ்ராட்டர் வாளாவிருப்பின் சாவியிலோ ஸ்ராட்டரிலோ பழுது உண்டு. வெளிச்சம் மங்கினால் பற்றரி தளர்ந்திருக்கலாம். ஆயினும் உப்புக்காற்று வீசும் தீவில் இணைப்பையே முதலில் ஐயுறுதல் தகும். முனைகளில் படியும் வெண்பச்சைப் பூப்பினூடாக விளக்குக்குரிய சிறு மின்னோட்டம் செல்லும். ஸ்ராட்டர் இழுக்கும் பெருமின்னோட்டம் செல்லாது. நல்ல பற்றரி பழி சுமப்பது இதனாலேயே.

இரும்புச் சட்டத்துக்குச் செல்லும் கம்பியை முதலில் கழற்றி, இறுதியில் பூட்டுக. பழைய ஆங்கில இயந்திரங்கள் சிலவற்றில் அது நேர்முனையாகும். நிறத்தை நம்பாது கம்பியைத் தொடர்ந்து பார்க்க. அருகே சுருட்டுப் புகைத்தலாகாது. பற்றரி மூடிகளைத் திறவாமல், அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் முனைகளைக் கழுவி, உலர்த்தி, அரத்தால் மினுக்கி, இறுகப் பூட்டிக் கிரீஸ் பூசுக. சட்டத்தில் கம்பி பூட்டிய இடத்தையும் துருநீக்குக. பலர் மறப்பது இதுவே.

பின்னரும் சுழலாவிடின் வோல்ற்றுமானியால் அளக்க. 12 வோல்ற்றுப் பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 காட்டின் நிறைவு. 12க்குக் கீழெனின் மின்னேற்றுதல் வேண்டும்.